எல்லாம் தெரிந்த புகழேந்தியும் காத்துக் கம்பெனியும்

“தெரியாதுங்கிற வார்த்தை இந்த வாயிலேருந்து வந்துச்சுன்னா, அன்னைக்குக் கோரையாறு கடல்லேருந்து கெளம்பி மேட்டூருக்கு ஏறும்.”

தில்லைவாடி கூட்டுறவு சங்கத்து வாசலில், யூரியாவுக்காக வரிசையில் நின்ற பொதுமக்கள் முன்னிலையில் புகழேந்தி இந்த அறிவிப்பை வெளியிட்டார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வரிசை நகராத கடுப்பில் இருந்தவர்களுக்கு, ஆறு எந்தப் பக்கம் ஓடினால் என்ன என்ற மனநிலைதான் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

தில்லைவாடி எங்கே இருக்கிறது என்றால், முத்துப்பேட்டையில் டவுன் பஸ் ஏறி, பஸ் திரும்புகிற இடம்வரை போக வேண்டும். அதற்கு அப்பால் வயல். வயலுக்கு அப்பால் அலையாத்திக் காடு. காட்டுக்கு அப்பால் கடல். குடகில் புறப்படும் காவிரி, அத்தனை அணையையும் தாண்டி, அத்தனை மதகுக்கும் கப்பம் கட்டி, கோரையாறு என்ற பெயரில் இங்கே வந்து சேரும்போது ரிட்டையர் ஆன வாத்தியாரைப் போல இருக்கும். மரியாதை உண்டு, கையில் ஒன்றும் இருக்காது. கடைமடை என்று இதற்கு அரசாங்கத்திலேயே பெயர்.

இப்பேர்ப்பட்ட ஊரில் எல்லாம் தெரிந்த ஒருவர் இருப்பது அவசியம். ஐம்பதைத் தாண்டிய புகழேந்தி அந்தப் பொறுப்பை யாரும் கேட்காமலேயே ஏற்றிருந்தார். கட்சி மேடைகளில் தமிழ் கேட்டு வளர்ந்த அப்பா வைத்த பெயர். பாலிடெக்னிக்கில் ஒன்றரை வருடம் படித்தார். மீதிப் படிப்பு தமக்கு ஏற்கனவே தெரியும் என்று திரும்பி வந்துவிட்டார். சொந்தமாக ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலம். மாட்டுக்கு மருந்து, மருமகளுக்கு ஜாதகம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், உக்ரைன் போர் எப்போது முடியும், எதைக் கேட்டாலும் பதில் வரும். கேட்டவர் வாய் மூடும் முன்பே வரும்.

ஒருமுறை நன்னிலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் ஒன்று வந்து கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டது. அப்படி ஒரு மண்டபம் இருப்பதே புகழேந்திக்கு அப்போதுதான் தெரியும். அதற்காக, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? நேரே போய், பாலத்தில் இடப்பக்கம் திரும்பி, வேப்பமரத்தைத் தாண்டி, என்று கையை வீசிச் சொன்னார். வேன் போய் நின்ற இடத்தில் கடல் தெரிந்தது, மண்டபம் தெரியவில்லை. சேற்றில் இறங்கிய சக்கரத்தைத் தூக்கிவிட்டுப் பட்டுவேட்டியோடு சண்டைக்கு வந்தவர்களிடம், “நீங்க வந்த வேகத்துக்கு வேப்பமரத்தைப் பாத்துருக்க மாட்டீங்க” என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு கணம் தன் கண்களையே சந்தேகித்தார். அதுதான் புகழேந்தியின் திறமை.

அந்தத் திறமைக்கு உரிய இடம் ஆடி மாதத்தில் அவரைத் தேடி வந்தது. உலகத்துக்கு நல்லது செய்வதற்கென்றே சில கம்பெனிகள் இப்போது தொடங்கப்படுகின்றன. முன்பெல்லாம் கம்பெனிகள் சோப்பு செய்தன, சைக்கிள் செய்தன. நல்லது செய்வதை மனிதர்கள் ஓய்வு நேரத்தில் செய்துகொண்டார்கள். இப்போது அதற்கும் ஆபீஸ், லோகோ, முதலீட்டாளர் எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றுதான் ‘ஈரம் க்ளைமேட் சொல்யூஷன்ஸ்’. தில்லைவாடி வாயில் அது நுழையாததால் ஊர் அதற்குக் காத்துக் கம்பெனி என்று பெயர் வைத்தது.

கம்பெனி சார்பில் வந்தவள் வானதி. வயது இருபத்தாறு இருக்கும். சென்னையில் சுற்றுச்சூழல் படித்தவள். வெயிலில் முகம் சிவக்கச் சிவக்க வரப்பில் நடந்தாள். விழுந்தாள், எழுந்து சிரித்தாள். மோசடிக்காரி என்று சொல்ல அவளிடம் ஒன்றுமே இல்லை. இந்த வரலாற்றில் மோசடிக்காரர் என்று ஒருவர் இருந்திருந்தால் எழுதுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊராட்சிக் கட்டடத்தில் கூட்டம் போட்டாள். சுவரில் படம் காட்டினாள். பனிக்கட்டி ஒன்றின் மேல் ஒரு வெள்ளைக் கரடி எலும்பும் தோலுமாக நின்றது. “நாம நெல் வயல்ல தண்ணி கட்டி வைக்கிறோம் இல்லையா, அந்தச் சேத்துக்குள்ளேருந்து மீத்தேன்னு ஒரு வாயு…”

அவ்வளவுதான். பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. மீத்தேன் என்ற சொல்லுக்கு எதிராக மறியல் செய்து, வேனில் ஏற்றப்பட்டு, மண்டபத்தில் அடைக்கப்பட்டு, தக்காளி சாதம் சாப்பிட்டுத் திரும்பிய ஊர் அது.

“மீத்தேனா? எடுக்க வந்துருக்கியா நீ?”

“ஐயோ, எடுக்க இல்லைங்க. வராம பாத்துக்க.”

“வராம பாத்துக்க ஒரு கம்பெனியா?”

அப்போது புகழேந்தி எழுந்தார். கூட்டத்தை அமர்த்தினார். வானதி சொல்ல வந்ததை அவளுக்கு முன்பாகச் சொல்லி முடித்தார். தண்ணீர் எப்போதும் நின்றால் வாயு கிளம்பும், உலகம் சூடாகும். வயலைக் கொஞ்ச நாள் காயவிட்டு, பிறகு தண்ணீர் பாய்ச்சினால் வாயு குறையும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று இதற்குப் பெயர். குறைந்த வாயுவைக் கணக்குப் போட்டு, வெளிநாட்டில் விமானம் விடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் வானத்தில் விடுகிற புகையை நாம் பூமியில் ஈடுகட்டுகிறோம்.

“அப்ப அவன் பிளேன்ல போறதுக்கு என் வயலு காயணுமாண்ணே?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அம்சம். புகழேந்தியின் கூடப்பிறந்த தங்கை.

“ஒலகம் பூரா ஒண்ணுதான் அம்சம்” என்றார் புகழேந்தி. வானதி கைதட்டினாள்.

இதில் பொய் ஒன்றும் கிடையாது. பூதலூர்ப் பக்கம் இதே கம்பெனி இதே வேலையை இரண்டு போகம் செய்து காட்டியிருந்தது. அங்கே போர்செட் உண்டு. பொத்தானை அழுத்தினால் பாய்ச்சல், நிறுத்தினால் காய்ச்சல். நெல்லும் குறையவில்லை, தண்ணீரும் மிச்சம். பூதலூரிலிருந்து தில்லைவாடிக்கு வரைபடத்தில் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

அன்றைக்கே புகழேந்திக்கு ஒரு டீசர்ட்டும் தொப்பியும் ‘நீர் நாயகன்’ என்ற பட்டமும் கிடைத்தன. ஊரில் கம்பெனியின் ஆள் இனி அவர்தான். மாதாமாதம் சிறு தொகை உண்டு. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, தொப்பியைப் பற்றித்தான் பேசினார்.

வானதி தன் போனைத் திறந்து கேள்விகள் கேட்டாள். எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், என்ன ரகம். புகழேந்தி பதில் சொல்லச் சொல்ல அவள் விரல் தொட்டுக்கொண்டே போனது. ஓர் இடத்தில் விரல் நின்றது.

“சார், கடல் பக்கமா இருக்கே. மண்ணுல உப்பு பிரச்சனை ஏதாவது உண்டா?”

புகழேந்திக்குக் கடல் தெரியும். உப்பு தெரியும். தம் வயலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. கொஞ்ச வருடங்களாக நல்ல மழை. உப்பைப் பற்றிப் பேச்சே எழவில்லை. போனில் இரண்டு பொத்தான்கள்: ஆம், இல்லை. மூன்றாவதாக ஒன்று இருந்திருக்கலாம். ஆனால் கம்பெனியும் புகழேந்தியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல. இருவரிடமும் மூன்றாவது விடை கிடையாது.

“அதெல்லாம் கடலோரம் மேடம். நம்ம ஊர்ல இல்ல.”

விரல் ‘இல்லை’யைத் தொட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

வயலில் நட ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் தேவைப்பட்டன. மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கி வைத்துவிட்டால், தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். முத்துப்பேட்டையில் ஜாபிர் கடைக்குப் போனார் புகழேந்தி. இருவரும் பள்ளித் தோழர்கள்.

“ஏன் புகழு, பைப்புல ஓட்டை இருந்தா திருப்பிக் கொடுத்துட்டுச் சண்டை போடுவாங்க. ஓட்டை போட்டுக் கொடுன்னு கேக்குற மொத ஆளு நீதான்.”

“இது ஒலகத்தைக் காப்பாத்துற பைப்பு பாய்.”

“ஒலகத்தை அப்பறம் பாப்போம். தில்லைவாடி?”

“தில்லைவாடி ஒலகத்துக்குள்ளதான பாய் இருக்கு?”

“இருக்கணும்” என்றார் ஜாபிர், துளை போட்டுக்கொண்டே.

ஊர் உடனே சேர்ந்துவிடவில்லை. எல்லோரும் அம்சத்தைப் பார்த்தார்கள். கூடப்பிறந்தவளே சேரவில்லை என்றால் சங்கதி வேறு என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஞாயம் உண்டு. ஏனென்றால் அம்சத்திடம் இழப்பதற்கு ஒன்று இருந்தது.

முப்பது வருடம் அடுத்தவர் வயலில் நட்டவள். களை பறித்தவள், அறுத்தவள். பிறகு எந்த வயலில் கூலிக்கு நின்றாளோ அதே பாசனத்தில் ஒன்றரை ஏக்கரைப் போன கோடையில் தன் பெயருக்கு வாங்கினாள். பத்திரம் முடித்துவிட்டு வந்து வரப்பில் செருப்பில்லாமல் நடந்தாள் என்று சொல்வார்கள். இதுதான் முதல் சம்பா. தைப்பொங்கலுக்குச் சொந்த வயலின் புதுநெல்லைக் குத்தி, அந்த அரிசியில் பானை பொங்க வேண்டும். நிலைக்கதவுக்கு மேலே சொந்தக் கதிரைக் கொத்தாகக் கட்ட வேண்டும். ஆணிகூட அடித்துவிட்டாள். நாத்தனார் கேலி செய்தாள்: “நெல்லு இன்னும் மொளைக்கவே இல்ல, மாட்ட ஆணி வந்துட்டு.” அம்சம் சிரித்தாள். அவள் சிரித்து அந்தத் தெரு அதிகம் பார்த்ததில்லை.

அண்ணன் பேச்சை நம்பிக் கம்பெனியில் சேர்ந்தாள், அவளைப் பார்த்து ஊரில் பாதிப் பேர் சேர்ந்தார்கள். ஆவணியில் விதைத்தாள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகைத் தொடக்கத்தில் பயிர் தூர் கட்டி, கணுக்கால் தண்ணீரில் கருநீலப் பச்சையாக நின்றது. அப்போது வானதியிடமிருந்து செய்தி வந்தது: முதல் காய்ச்சல் தொடங்கலாம், தண்ணீரை வடித்துவிடவும்.

அண்ணனும் தங்கையும் மடையருகே நின்றார்கள். அம்சத்தின் கையில் மண்வெட்டி.

“அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லு. நல்ல தண்ணி மேல நின்னாதான் அடியில கெடக்குற உப்பு அடங்கும்னு பேசிக்கிறாங்க. எனக்கு நெசமாவே தெரியாது. நட்டுருக்கேன், அறுத்துருக்கேன், தண்ணி கட்டுனதில்ல. கட்ட விட்டதில்ல. இத எறக்குனா உப்பு ஏறுமா, ஏறாதா?”

“ஏறாது.”

“கம்பெனிப் பொண்ணு சொன்னுச்சா?”

“டெஸ்ட்டு பண்ணாமலா வருவாங்க? அவ்ளோ பெரிய கம்பெனி.”

அந்த டெஸ்ட் என்பது தம்மிடம் கேட்ட ஒரு கேள்விதான் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வந்ததா என்பதற்குச் சான்று இல்லை. கம்பெனி அவரைக் கேட்டது: ஊர்க்காரர், அவருக்குத் தெரிந்திருக்கும். ஊர் அவரைக் கேட்டது: கம்பெனிக்காரர், அவருக்குத் தெரிந்திருக்கும். உலகத்தின் மிக நவீனமான அறிவும் உலகத்தின் மிகப் பழைய அனுபவமும் புகழேந்தி என்ற ஒரே ஆளின் தலைக்குள் சந்தித்துக் கைகுலுக்கின. தலைக்குள் யாரும் இல்லை.

அம்சம் மடையை வெட்டினாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு வடிகாலுக்கு இறங்கியது. கெண்டைக்குஞ்சுகள் துள்ளின, எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. அவள் வெட்டியதைப் பார்த்து அக்கம்பக்கத்து வயல்களிலும் வெட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்து வயலெல்லாம் சேறு தெரிந்தது. புகழேந்தி குழாய்களைப் படம் எடுத்து அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. “வாழ்த்துகள், நீர் நாயகன்!” என்று போனில் பூ மழை பெய்தது.

அந்தப் பருவத்தில் அதன் பிறகு அந்த ஊரில் பெய்த மழை அது ஒன்றுதான்.

வங்கக் கடலில் உருவான புயல்கள் எல்லாம் ஆந்திராவுக்குப் போயின. மேட்டூரில் தண்ணீர் இறங்கியது. வாய்க்காலில் முறை வைத்து விடுவோம் என்றார்கள். மேலே இருந்தவர்களுக்கு முறை வந்தது, நடுவில் இருந்தவர்களுக்கும் ஓரளவு வந்தது. கடைமடைக்கு வந்தது வாய்க்கால் மட்டும்தான். காய்ச்சல் முடிந்து நாளாகிவிட்டது. பாய்ச்சல் பூதலூரில் பொத்தானில் இருந்தது, தில்லைவாடியில் கடவுளிடம் இருந்தது. கம்பெனியில் சேராதவர்கள் வயலில் பழைய தண்ணீர் கொஞ்சம் நின்றது. அது சுண்டச் சுண்ட, அவர்கள் பயிர் எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அம்சம் தினமும் காலையில் போய்க் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பாள். கிணற்றில் விழுந்த குழந்தையைத் தேடுகிறவளைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். பிறகு அண்ணன் வீட்டு வாசலுக்கு வருவாள்.

“அண்ணே, வெடிப்பு ஓரமெல்லாம் வெள்ளையாப் பூக்குது. கோலமாவு கொட்டுன மாதிரி.”

“சுண்ணாம்புச் சத்து. நல்லதுதான்.”

இன்னொரு நாள்: “நுனியெல்லாம் செவந்துட்டுண்ணே.”

“துத்தநாகக் கொறை. ஜிங்க் சல்பேட்டு போடு.”

அவள் வாங்கி வந்து, காய்ந்த மண்ணில் உப்பின் மேல் தூவினாள். நோயாளிக்கு மோர்ச்சோறு ஊட்டுகிற மாதிரி, பயிருக்குப் பயிர் குனிந்து தூவினாள்.

“தோகை வெளுத்துப்போச்சுண்ணே.”

“பனி. தை பொறந்தா தெளிஞ்சுடும்.”

“பொதியிலேருந்து கதிரு வெளிய வரமாட்டேங்குது. வந்தது வெறுங்கூடா இருக்கு. கையில கசக்குனா ஒண்ணுமில்ல.”

“அடுத்தாப்புல வர்றதுல பால் பிடிக்கும்.”

ஒவ்வொரு கேள்விக்கும் விடை இருந்தது. வினாத்தாள் வேறு, விடைத்தாள் வேறு என்பதைத் தவிர அவரிடம் குறை காண முடியாது.

மார்கழி அமாவாசைக்கு மறுநாள் காலையில் அம்சம் தெருவில் ஓடி வந்தாள். முந்தானை அவிழ்ந்து தரையில் புரண்டது. “தண்ணி வந்துட்டுண்ணே! ஆத்துல தண்ணி வந்துட்டு!”

ஊரே கரைக்கு ஓடியது. உண்மைதான். காய்ந்து கிடந்த கோரையாற்றில் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. அம்சம் முழங்கால் வரை இறங்கிவிட்டாள். இரு கையாலும் அள்ளினாள். அள்ளிய பிறகுதான் சருகுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்தாள். அவை வடக்கே போய்க்கொண்டிருந்தன. கடல் பக்கத்திலிருந்து மேட்டூர்ப் பக்கம்.

ஒரு வாய் வைத்துத் துப்பினாள்.

மேலேயிருந்து தள்ள ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது, அமாவாசை ஏற்றத்தில் கடல் ஆற்றுக்குள் ஏறும். கரையில் நின்ற ஒருவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரிப்பைத் தேர்ந்தெடுத்தான்.

“புகழண்ணே, ஆறு சொன்னபடி மேட்டூருக்குக் கெளம்பிட்டு. இன்னும் நீங்க வாயைத் தொறக்கலையே?”

புகழேந்தி வாயைத் திறந்தார். நிலவின் ஈர்ப்பு, கடலின் ஏற்றம், ஆற்று மட்டத்தின் தாழ்வு ஆகியவற்றைப் பற்றிக் கோர்வையாக விளக்கினார். எல்லாமே சரியான தகவல்கள். வாழ்நாளில் அவர் இவ்வளவு சரியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்சம் தண்ணீரைவிட்டு ஏறி, அவரைப் பார்க்காமல் அவரைத் தாண்டி நடந்து போனாள். அதன் பிறகு வாசலுக்கு வந்து எதையும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் நல்ல செய்தி வந்தது. டெல்டாவிலேயே மீத்தேனை மிக அதிகமாகக் குறைத்த ஊர் தில்லைவாடி. செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னது. பூதலூரைப் பல மடங்கு தாண்டிவிட்டது. தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் விழா. நீர் நாயகனுக்கு விருது.

செத்த பயிர் வாயு விடுவதில்லை. இது அறிவியலுக்கு முரணானது அல்ல.

விழாவில் ஓடவிட வயலைப் படம் பிடிக்க வானதி வந்தாள். ஐந்து மாவட்டம் அவள் பொறுப்பு. கார்த்திகைக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். தோளில் கேமராப் பையோடு வரப்பில் ஏறியவள், பையைக் கழற்றவே இல்லை.

“என்ன சார் இது?”

“காய்ச்சல் முடிஞ்சுட்டு மேடம். பாய்ச்சல்தான் வரல.”

அவள் குனிந்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். படித்தவள்தான், படித்தது இப்போது நினைவுக்கு வந்தது.

“உப்பு இல்லைன்னு சொன்னீங்களே சார்.”

“நீங்க டெஸ்ட்டு பண்ணலையா மேடம்?”

“உங்களைத்தானே சார் கேட்டேன்!”

அடுத்த வயலில் அம்சத்தின் மாடு இறங்கி, பயிரை ஒரு வாய் இழுத்துப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

வானதி கரையில் உட்கார்ந்து போனில் நெடுநேரம் தலைமை அலுவலகத்தோடு பேசினாள். மண்ணைப் பற்றிச் சொன்னாள். பயிரைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில், தரவு பிரமாதமாக இருக்கிறது, உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு அவள் அந்தக் கம்பெனியில் இல்லை என்று கேள்வி. கம்பெனி இருக்கிறது. எங்கோ ஒரு விமானம் மனச்சுத்தியோடு பறந்துகொண்டிருக்கிறது.

விழாவுக்குப் புகழேந்தி போனார். சால்வை போர்த்தினார்கள். கண்ணாடியில் செய்த பூமி உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவரை அறிந்த யாரும் அந்த மண்டபத்தில் இல்லாததால், அவர் “நன்றி” என்று ஒரே வார்த்தையோடு இறங்கியதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது முத்துப்பேட்டையில் இறங்கி ஜாபிர் கடையில் நின்றார். ஜாபிர் உருண்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல தில்லைவாடி எங்க புகழு?”

கேலிதான். ஆனால் பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. உருண்டையைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். “சாயா குடிச்சிட்டுப் போ.”

பொங்கலன்று அம்சம் பானை வைத்தாள். ரேஷன் கடையில் எல்லோருக்கும் கொடுத்த பச்சரிசி. அது பொங்கியது; அதற்கென்ன தெரியும். தெருவில் கம்பெனியில் சேராதவர்கள் வாசல்களில் சின்னதோ பெரியதோ ஒரு கதிர்க்கொத்து தொங்கியது. நாத்தனார் தன் கொத்திலிருந்து கொஞ்சம் பிரித்து நீட்டினாள். கேலி செய்தவள்தான். “கட்டு அம்சம், வெறும் நெலையா இருக்கக் கூடாது.” அம்சம் தலையசைத்து மறுத்துவிட்டாள். ஆணி அப்படியே இருந்தது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மழை பிடித்தது. பருவம் தவறிய மழை. இரவும் பகலும் விடாமல் கொட்டியது. இரண்டு மாதம் முன்பு இதில் பாதி பெய்திருந்தால் போதும். மழைவெள்ளம் வாய்க்காலை நிரப்பிக்கொண்டு ஆற்றில் விழுந்தது.

புகழேந்தி குடையோடு வயலுக்குப் போனார். ஏன் போனார் என்று சொல்வதற்கில்லை. தொப்பி போட்டிருக்கவில்லை. அம்சம் அங்கே நின்றாள், தலையில் ஒரு யூரியாச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. செத்த தாள்களைச் சுற்றி நல்ல தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உலகத்தைக் காப்பாற்றுகிற குழாய் விளிம்பு வரை நிறைந்து, மழைத்துளி விழுந்து விழுந்து துள்ளியது.

மார்கழி அமாவாசைக்குப் பிறகு அவள் முதல் தடவையாக அவரிடம் பேசினாள். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும்.

“இந்தத் தண்ணியில உப்பு எறங்கிடுமாண்ணே? வர்ற சம்பாவுக்கு வெதைச்சா வருமா?”

இறங்கும் என்று சொல்லலாம். இறங்காது, ஜிப்சம் போடு என்று சொல்லலாம். இரண்டுமே நாக்கு நுனியில் இருந்தன. இரண்டுமே ஒரே எடை. புகழேந்தி குடையை அவள் பக்கம் சாய்த்தார். அவர் முதுகு நனைந்தது.

“தெரியலம்மா” என்றார்.

அம்சம் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு வயலைப் பார்த்தாள். “செரி. யாரையாச்சும் கேப்போம்” என்றாள்.

அந்த நேரத்தில் கோரையாறு, கரைக்கு அந்தப் பக்கம், வழக்கம்போல, கடலை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது.